மனமா, பந்தியா? தமிழ்க் கிறிஸ்தவமும் சாதியும்

கிறிஸ்தவ விசுவாசம் ஒருவருடைய குணத்தை மாற்றுமா, மாறிய குணம் அவர் வாழும் தெருவையும் ஊரையும் மாற்றுமா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பொத்தாம்பொதுவான பதில்தான் கிடைக்கும். தமிழர் நடுவே அந்தக் கேள்விக்கு ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுச் சான்று குவிந்து கிடக்கிறது. முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களில் ஞானஸ்நானம் பெற்ற காலம்தொட்டு, இயேசுவை ஆண்டவர் என்று அறிக்கையிட்ட ஒவ்வொரு தலைமுறையும் சாதி என்ற ஒரே சோதனையை எதிர்கொண்டிருக்கிறது. பிரசங்கங்களில் நாம் வழக்கமாகக் கேட்கும் மருந்து இதுதான்: முதலில் இருதயம் மாறட்டும், இருதயம் மாறினால் நடத்தை மாறும், நடத்தை மாறினால் சமுதாயம் தானாக மாறிவிடும். சாதியைப் பொறுத்தவரை நம் சபைகளின் வரலாறு இந்த வரிசையை மெய்ப்பிக்கவில்லை என்பதே என் வாதம். யார் பக்கத்தில் யார் உட்காருவது, யார் குடித்த கிண்ணத்தில் யார் குடிப்பது, யார் வைத்த சோற்றை யார் உண்பது என்ற காரியங்களில் திருச்சபை துணிந்து ஓர் ஒழுங்கை ஏற்படுத்திய இடங்களில், ஒன்றிரண்டு தலைமுறையில் மனமும் அந்த ஒழுங்குக்குப் பழகியது. அவரவர் மனசாட்சிக்கு என்று அது விட்டுவைத்த இடங்களில், குறிப்பாகக் கல்யாணத்திலும் கல்லறையிலும், சாதி அசையாமல் உட்கார்ந்துகொண்டது.

இது சமூகவியல் மட்டும் பேசும் வாதம் என்று எண்ண வேண்டாம். புதிய ஏற்பாட்டிலேயே இதற்கு அடித்தளம் இருக்கிறது. அந்தியோகியாவில் நடந்ததைக் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் 2ஆம் அதிகாரம் சொல்கிறது. பேதுரு அங்கே புறஜாதி விசுவாசிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் தரப்பார் சிலர் வந்ததும் அவர்களுக்குப் பயந்து பந்தியை விட்டு விலகிக்கொண்டார்; அவரைப் பார்த்து மற்ற யூதர்களும், பர்னபாவும்கூட விலகினார்கள். இதில் பேதுருவின் உபதேசத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. யோப்பாவில் தரிசனம் கண்டவர் அவர். கொர்நேலியுவின் வீட்டுக்குள் முதலில் நுழைந்தவரும் அவரே. தேவனுக்குமுன் எல்லோரும் சமம் என்பதை அவர் மனதார நம்பினார் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. மாறியது அவர் உட்கார்ந்த இடம் மட்டுமே. அதற்காகத்தான் பவுல் எல்லோர் முன்னிலையிலும் அவரை முகமுகமாய் எதிர்த்தார். அந்த விலகலைச் சுவிசேஷத்தின் சத்தியத்தையே மீறுவதாகக் கண்டார். கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட, இல்லாதவர்கள் பசியோடு இருந்தபோதும் அவர் கேள்வி பந்தியைப் பற்றியதே. அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரம் இன்னும் தெளிவானது. அன்றாடப் பந்தியில் கிரேக்கம் பேசும் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்ற முறுமுறுப்பு எழுந்தபோது, ஒருவரையொருவர் நேசியுங்கள் என்று இன்னொரு பிரசங்கம் செய்வதோடு அப்போஸ்தலர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுத்து அந்தப் பொறுப்பில் நியமித்தார்கள். தெரிந்தெடுக்கப்பட்டவர்களின் பெயர்கள் எல்லாமே கிரேக்கப் பெயர்கள். முறையிட்டவர்களின் கையிலேயே பரிமாறும் அதிகாரம் போய்ச் சேர்ந்தது. ஆதிச் சபை கண்ட முதல் பாகுபாட்டுக்கு அது தந்த மருந்து ஒரு நிர்வாக ஏற்பாடு.

தமிழ்நாட்டில் கத்தோலிக்க மிஷன் தேர்ந்துகொண்ட வழி வேறு. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, பரங்கியர் மார்க்கம் என்ற இழிபெயரிலிருந்து விசுவாசத்தை விடுவிக்க விரும்பினார். காவி உடுத்தார், புலால் விலக்கினார், தமிழும் வடமொழியும் கற்றார், சமூகத்தின் மேலடுக்கோடு பழகும் ஒரு துறவியாக வாழ்ந்தார். பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவை மதச் சின்னங்களா குலச் சின்னங்களா என்று எழுந்த பெரும் வழக்கில், 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி நொபிலிக்குச் சாதகமாக முடிவு சொன்னார். நொபிலியின் தமிழ் உரைநடைக்கு நாம் பட்ட கடன் பெரிது. அவருடைய நோக்கத்தின் தூய்மையை நான் ஐயுறவில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை இருந்தது. உயர்சாதியாரிடம் செல்லும் குரு ஒடுக்கப்பட்டவர்களின் குடிசைக்குள் போக முடியாது. ஆகவே 1640 முதல் பண்டாரசாமிகள் என்ற இரண்டாவது வகைக் குருக்கள் உருவானார்கள். ஒரே சபை, ஒரே பலி, ஆனால் இரண்டு வகைக் குருக்கள். அடுத்த நூற்றாண்டில் இது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை 1744இல் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசர் பிறப்பித்த ஆணை காட்டுகிறது. சாகக் கிடக்கும் பறையரின் வீட்டுக்குள் போய்க் கடைசி அருட்சாதனங்களை வழங்க வேண்டும் என்று குருக்களுக்கு ரோமாபுரியிலிருந்து கட்டளை வரவேண்டியிருந்தது. அதற்கும் கிடைத்த தீர்வு, அவர்களுக்கென்று தனிக் குருக்களை ஒதுக்குவதாகவே இருந்தது. அந்தக் குருமார் ஐரோப்பாவையும் உறவையும் துறந்து வந்தவர்கள். கொள்ளைநோயிலும் பஞ்சத்திலும் செத்தவர்கள். அவர்களிடம் இருதயத்துக்குக் குறைவில்லை. ஏற்பாடுதான் அவர்களையும் கட்டிப்போட்டது.

தரங்கம்பாடியில் 1706இல் இறங்கிய சீகன்பால்குவும் அவர் பின்னோரும் உருவாக்கிய லூத்தரன் சபையிலும் நிலைமை பெரிதும் வேறாக இல்லை. ஆலயத்தில் சூத்திரக் கிறிஸ்தவர் ஒரு பக்கம், பறையர் கிறிஸ்தவர் மறுபக்கம், நடுவில் இடைவெளி. ராஜநாயக்கன் என்ற உபதேசியார் தஞ்சைப் பகுதியில் சபைகளைக் கட்டியெழுப்பியவர். குருப்பட்டத்துக்குத் தகுதியானவர் என்று மிஷனரிகளே கருதியவர். பறையர் என்பதால், அவர் கையால் மற்றவர்கள் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்ற அச்சத்தில், அவருக்குப் பட்டம் கொடுக்கவில்லை. சபையின் ஞாபகத்தில் இந்தப் பெயர் இன்னும் உரக்க ஒலிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் காலம்வரை இந்தப் பொறுமைக் கொள்கை தொடர்ந்தது: அறிவு வளர வளரச் சாதி உதிர்ந்துவிடும், வற்புறுத்த வேண்டாம். நூறாண்டு பொறுத்தும் அது உதிரவில்லை. 1820களில் புதிதாக வந்த மிஷனரிகள் எல்லோரும் கலந்து உட்கார்ந்து நற்கருணை பெற வேண்டும் என்றபோது, அந்தச் சபையின் பெருங்கவிஞரான தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே 1829இல் அதை எதிர்த்து எழுதினார். அவருடைய முறையீட்டில் மற்றக் குறைகளும் இருந்தன. வேதத்தின் பழைய மொழிபெயர்ப்பைத் திருத்துகிறார்கள், தமிழ்க் கீர்த்தனைகளைத் தடுக்கிறார்கள், பூக்களை விலக்குகிறார்கள் என்றார். பாட்டையும் பூவையும் பற்றி அவர் சொன்னது நியாயம். சாதியைப் பற்றி அவர் சொன்னது நியாயமன்று. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டியதில் அவரும் தவறினார், அவரை எதிர்த்தவர்களும் தவறினார்கள்.

1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் தென்னிந்தியச் சபைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சபைக்குள் சாதி வேற்றுமை இனி இல்லை. படிப்படியாக அன்று, உடனே, முற்றாக நீங்க வேண்டும் என்பது அதன் சாரம். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். சாதி விஷயத்தில் மென்மையாக நடந்த லைப்சிக் லூத்தரன் மிஷன் 1840 முதல் வேலை தொடங்கியபோது, வெளியேறியவர்களில் கணிசமானோர் அங்கே போனார்கள். 1847இல் அமெரிக்க மதுரை மிஷன் இன்னும் ஓர் அடி முன்னே போனது: மிஷன் ஊழியர்கள் சாதி பாராமல் கூடி உண்டு காட்ட வேண்டும் என்று தீர்மானித்தது. உபதேசியார்களும் ஆசிரியர்களும் வேலையை விட்டுப் போனார்கள். அன்றைய கணக்கில் இவை எல்லாம் தோல்விகள்தான். எண்ணிக்கை குறைந்தது, கசப்பு மிஞ்சியது. ஆனால் நீண்ட கணக்கில் பார்த்தால், இன்று தமிழ்நாட்டின் எந்தப் புராட்டஸ்டண்ட் ஆலயத்திலும் பந்திக்கு வருகிறவரிடம் நீ யார் பின்னால் முழங்கால்படியிட வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்ல யாருக்கும் வாய் வராது. தென்மாவட்டங்களின் அசன விருந்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே உலையில் பொங்கிய சோற்றை ஒரே வரிசையில் உட்கார்ந்து உண்கிறார்கள். 1829இல் ஒரு மகாகவியே ஏற்க மறுத்த காரியம் இன்று விவாதத்துக்கே வராத வழக்கமாகிவிட்டது. இடையில் எல்லோருடைய இருதயமும் புதிதாகிவிட்டது என்று சொல்ல முடியுமா? முடியாது. பழக்கம் முதலில் வந்தது. வெட்கம் பின்னால் வந்தது.

வடக்கன்குளத்தை நின்று பார்க்க வேண்டும். திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள இந்த ஊரில்தான், திருவிதாங்கூர் அரண்மனை அலுவலரான நீலகண்ட பிள்ளை 1745இல் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகியது அவர்மேல் ஏற்பட்ட பகைக்கு ஒரு காரணம் என்பது மறைமாவட்ட மரபு. 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட அவரை 2022இல் ரோமாபுரி புனிதராக அறிவித்தது. அவர் மறுபிறப்பு எடுத்த அதே ஊரில், அவர் இறந்து நூற்றிருபது ஆண்டு கழித்து, 1872இல் கட்டப்பட்ட ஆலயத்தின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். ஒரே பீடம், அதிலிருந்து விரிந்து பிரியும் இரண்டு தனித்தனி மண்டபங்கள். ஒன்றில் வெள்ளாளர், மற்றொன்றில் நாடார். ஒரு பக்கத்தார் கண்ணில் மறுபக்கத்தார் படாதபடி சுவர். இரு திசையையும் ஒருங்கே பார்க்கக்கூடியவர் பீடத்தில் நிற்கும் குரு ஒருவரே. இரு தரப்பாரும் நாள் தவறாமல் செபமாலை சொல்லியிருப்பார்கள். ஒரே விசுவாசப் பிரமாணத்தை ஒரே நேரத்தில் ஓதியிருப்பார்கள். முப்பத்தெட்டு ஆண்டு அந்தச் சுவருக்கு இருபுறமும் நின்று ஓதியும் சுவரில் ஒரு செங்கல்கூட நகரவில்லை. 1910 வாக்கில் குருக்கள் துணிந்து அதை இடித்தார்கள். வெள்ளாளர் தரப்பு வழக்குத் தொடுத்தது. அது சென்னை உயர் நீதிமன்றம்வரை போயிற்று. கிறிஸ்தவர்களான பின் இன்னொருவரின் தீட்டால் தங்களுக்குக் குறை வருகிறது என்பதைச் சிவில் உரிமையாகக் கோர முடியாது என்று அந்த வழக்கு தள்ளுபடியானது. அந்தச் சுவர் விழ ஒரு குருவின் உத்தரவும் ஒரு நீதிமன்றத் தீர்ப்பும் தேவைப்பட்டன. மறையுரைகள் மட்டும் போதும் என்றால் அது எப்போதோ விழுந்திருக்க வேண்டும்.

கடல் தாண்டி யாழ்ப்பாணத்திலும் இதே பாடம்தான். அங்கே மிஷன் பள்ளிக்கூடங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே கல்வியில் முன்னோடிகள். ஆயினும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வகுப்பில் தரையில் உட்காரும் வழக்கம் நூறாண்டுக்கு மேல் நீடித்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக உட்கார வேண்டும் என்ற விதி 1920களின் இறுதியில் வந்தபோது, சில பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைக்கும் அளவுக்கு எதிர்ப்பு கிளம்பியது. ஆனால் எல்லோருக்கும் பொதுவான வாங்கு (பெஞ்சு) நிலைத்துவிட்டது. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த போராட்டம் 1859ஆம் ஆண்டு அரசாணைவரை நீண்டது. அங்கேயும் குப்பாயம் தைத்து அணிந்ததும், நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் தொடங்கிய லேஸ் பின்னலில் பெண்கள் சொந்தமாகச் சம்பாதித்ததும் முன்னே நடந்தன. அவர்களைப் பார்க்கும் பார்வை மெல்லத்தான் மாறியது.

இனி மறுபக்கம். திருச்சபை ஒழுங்குபடுத்தாமல் விட்ட இடங்கள் எவை? முதலில் கல்லறை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவரின் குழிகளை மற்றவர்களின் குழிகளிலிருந்து பிரித்து நிற்கும் சுவர் இந்தக் காலத்துச் செய்தி. 2010இல் வெளியிலிருந்து வந்த போராட்டக்காரர்கள் அதை இடிக்க முயன்ற பிறகே நாடு முழுவதும் அதைப் பற்றிப் பேசியது. உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் கட்டிய சுவர் அது. அடுத்து திருவிழா. தேர் எந்தத் தெருவழி போகும், கொடியேற்றத்தில் யாருக்கு மரியாதை, சவ ஊர்வலம் எந்தப் பாதையில் வரலாம் என்ற சண்டைகள் இன்னும் ஓயவில்லை. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் 2008 மார்ச் மாதம் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி எழுந்த மோதல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து இரண்டு பேர் இறந்தார்கள். இரு தரப்பும் ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்கள். பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வெளிவந்தபோது, துறவு மடத்தின் மதிலுக்குள்ளும் சாதி புகுந்திருப்பதை உள்ளேயிருந்த ஒருவரே எழுதிவிட்டார். கடைசியாகக் கல்யாணம். மணமகன், மணமகள் தேவை விளம்பரங்களில் சபையின் பெயருக்குப் பக்கத்திலேயே சாதியின் பெயரும் வருகிறது. மறுபடியும் பிறந்த அனுபவம் உள்ளவர் வேண்டும் என்று கேட்கும் அதே வரி, எந்தக் குலத்தில் பிறந்தவர் வேண்டும் என்பதையும் கேட்கிறது.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவை பல. மிகப் பழையது: சாதி சமூக வழக்கம், மதக் காரியம் அன்று, உடை, உணவு, மொழி போல அதையும் விட்டுவைக்கலாம். நொபிலியின் தரப்பும் சாஸ்திரியாரின் தரப்பும் வெவ்வேறு வழியில் சொன்னது இதுவே. பண்பாட்டை மதிக்க வேண்டும் என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. கீர்த்தனையைத் தடுத்துக் கிராதியோடு ஆர்கனைக் கொண்டுவந்து வைத்த மிஷனரிகள் நமக்குச் செய்தது நட்டம்தான். ஆனால் பண்பாட்டுக் கூறு ஒவ்வொன்றையும் ஒரே ஒரு கேள்வியால் சோதித்துவிடலாம்: இது இன்னொருவரைத் தாழ்த்தாமல் நிற்குமா? கீர்த்தனை நிற்கும். பூமாலை நிற்கும். வாழையிலைச் சோறு நிற்கும். சாதி வரிசை நிற்காது. ஒருவர் கீழே இல்லாவிட்டால் மேலே இருப்பவருக்கு அங்கே இடமே இல்லை. அது சமூக வழக்கம் என்பது உண்மையாகவே இருக்கட்டும். அந்தியோகியாவின் பந்தியும் சமூக வழக்கம்தான். பவுல் அதைச் சும்மா விடவில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. அதற்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். கட்டளையால் வருவது வெளிவேஷம். கிருபையால் வருவதே மாற்றம். கிரியைகளால் யாரும் நீதிமான் ஆவதில்லை என்று சீர்திருத்தச் சபைகளே கற்பித்திருக்க, கூடி உண்பதைச் சட்டமாக்குவது பழைய நியாயப்பிரமாணத்துக்குத் திரும்புவதல்லவா என்று கேட்கலாம். இரட்சிப்பை யாரும் பந்தியில் உட்கார்ந்து சம்பாதிக்க முடியாது. அதில் எனக்கும் ஐயமில்லை. கேள்வி இரட்சிப்பைச் சம்பாதிப்பது பற்றியதன்று, இரட்சிக்கப்பட்டோம் என்பவர்கள் கூடி வாழும் முறை பற்றியது. ஓய்வு நாளை ஆசரிக்கவும், ஒரு மனைவியோடு வாழவும், விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தவிர்க்கவும் சபை கட்டளையிட்டபோது யாரும் அதைக் கிருபைக்கு விரோதம் என்று சொல்லவில்லை. நெற்றிப் பொட்டையும் தாலியின் வடிவத்தையும் பற்றி நூறாண்டு வாதாடிய சபைகள் உண்டு. அத்தனை நுணுக்கமாகச் சட்டம் வகுக்கத் தெரிந்த சபை, பக்கத்தில் உட்காருகிறவரின் மானம் என்று வந்ததும் மட்டும் இருதயத்துக்கு விட்டுவிடுகிறேன் என்றால், அங்கே பேசுவது கிருபையின் இறையியலாக இருக்க முடியாது. மேலும், பழகப் பழகவே குணம் உருவாகிறது. பிள்ளைக்குச் செபம் கற்றுக்கொடுக்கும் தாய், பக்தி முதலில் வரட்டும் என்று காத்திருப்பதில்லை. கைகளைக் குவிக்கச் சொல்கிறாள். பக்தி பின்னால் வந்து சேருகிறது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோஃபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டுப் பாடல்களை அமைத்து, ஒரே உலையில் பொங்கி எல்லோரும் உண்பதைத் தம் இறையியலின் நடுவில் வைத்தது இந்த உண்மையை அறிந்துதான்.

மூன்றாவதாக, சாதிக் கட்டு ஒடுக்கப்பட்டவர்களுக்கும் பலமாக இருந்திருக்கிறது என்பார்கள். இதில் பெரும் உண்மை உண்டு. 1799இல் முதலூர் உருவான காலம் முதல் நெல்லையில் நாடார் மக்கள் ஊர் ஊராக, உறவு உறவாகச் சபைக்கு வந்தார்கள். தனித்தனியாக வந்திருந்தால் நில உடைமையாளரின் அடக்குமுறையில் நசுங்கியிருப்பார்கள். மயிலாடியில் சாம்பவர் குலத்து மகாராசன் வேதமாணிக்கம் அழைத்து ரிங்கல்தௌபே ஐயர் 1806இல் வந்து சபை கட்டிய வரலாறும் ஓர் உறவுமுறையின் வழியே பரவியதுதான். அந்த ஒற்றுமை பள்ளியையும் கடனுதவியையும் தன்மானத்தையும் தந்தது. வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா 1912இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயராக உயர்ந்ததும் அந்த எழுச்சியின் கனிகளுள் ஒன்று. ஆனால் ஏறிவரத் துணைநின்ற கட்டு, ஏறிய பின் கதவைச் சாத்தும் தாழ்ப்பாளாகவும் மாறும். திருமண்டலத் தேர்தலிலும், பள்ளி, கல்லூரி நியமனங்களிலும் எந்தச் சாதி எத்தனை இடம் என்று எண்ணும் இன்றைய வழக்கம் அதைக் காட்டுகிறது. சொந்தப் பாட்டிமார் மேலாடைக்காக அடிபட்ட வரலாற்றைப் பெருமையோடு சொல்லும் சபை, தனக்கு அடுத்த தெருவில் வாழும் அருந்ததியர் விசுவாசியைக் கமிட்டியில் சேர்க்கத் தயங்குமானால், அந்த வரலாற்றை அது இன்னும் சரியாகப் படிக்கவில்லை.

நான்காவது, இன்றைய நாளில் அடிக்கடி கேட்பது: சிறுபான்மையினர்மீது கல்லெறியக் காத்திருப்பவர்கள் கையில் இதைப் பேசிக் கல்லைக் கொடுக்கலாமா? இந்த அச்சத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. ஆனால் மௌனத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமைகளை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் இன்றும் வெளியே நிற்கிறார்கள். 1985இல், மதம் மாறிய செருப்புத் தொழிலாளி ஒருவரின் வழக்கில், மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு சாதிக் கொடுமை தொடர்கிறது என்பதற்குச் சான்று வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி அவருக்கு நிவாரணம் மறுத்தது. சபைக்குள் சாதி இல்லை என்று நாம் கௌரவத்துக்காகச் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் அந்தத் தொழிலாளிக்கு எதிரான சாட்சியம் ஆகிறது. அதனால்தான் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 1982இல் திருச்சியில் கூடிச் சாதியைக் கண்டித்ததையும், 2016இல் வெளியிட்ட தலித் கொள்கை ஆவணத்தில் சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டதையும் நான் பெரிதாக மதிக்கிறேன். ஒப்புக்கொண்டதற்குப் பிறகு வர வேண்டியது ஏற்பாடு. அந்த இடத்தில்தான் கால் இன்னும் தயங்குகிறது.

கல்லறையைப் பொறுத்தவரை தயங்க ஒரு காரணமும் இல்லை. நிலம் பங்கின் பெயரிலோ திருமண்டலத்தின் பெயரிலோ இருக்கிறது. இறந்த தேதியின் வரிசையில் அடுத்த குழி, அவ்வளவுதான் விதி என்று ஒரு சுற்றறிக்கை போதும். வெளியேறுவோம் என்பவர்களை வில்சன் காலத்துச் சபை தாங்கிக்கொண்டது. இன்றைய சபைக்கு அதைவிட வேர் ஆழமாக இருக்கிறது. திருவிழா உபயங்களும் சப்பரம் செல்லும் தெருக்களும் அப்படியே.

கல்யாணம் வேறு. யாரும் யாரையும் மணக்கக் கட்டளையிட முடியாது, இடவும் கூடாது. ஆனால் கட்டளைக்கும் கைகழுவலுக்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. சபைகள் நடத்தும் மணத் தகவல் மையங்களின் படிவத்தில் சாதிக்கான கட்டத்தை எடுத்துவிடலாம். சபை இதழ்கள் சாதி குறிப்பிடும் விளம்பரங்களை வாங்காமல் இருக்கலாம். சாதி மாறி மணக்க விரும்பும் இருவர் வந்தால், பெற்றோர் கையெழுத்து இல்லை என்று பங்குச் சாமியாரோ சேகர குருவோ திருப்பி அனுப்பாமல், திருச்சபைச் சட்டப்படி தடை ஏதும் உண்டா என்று மட்டும் பார்த்து ஓலை வாசிக்கலாம். சாதி மீறி மணந்தவர்கள் உயிருக்கு அஞ்சி ஓடும் இந்த மாநிலத்தில் விடுதிகளும் மடங்களும் மருத்துவமனைகளும் கல்லூரிகளும் வழக்கறிஞர் குழுக்களும் திருச்சபையின் கையில் இருக்கின்றன. அப்படி வரும் ஒரு தம்பதிக்கு ஆறு மாதத் தங்குமிடமும் ஒரு வேலையும் தர ஒவ்வொரு மறைமாவட்டமும் திருமண்டலமும் தீர்மானம் போடலாம். அடுத்த ஆலோசனைச் சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும் அளவுக்குச் சிறிய காரியங்கள் இவை.